முன்தோல் நீக்கமும் கைக்குழந்தையின் சிறுநீர்த் தொற்றும்: ஒரு தாயின் சந்தேகத்திற்கு விளக்கம்

வணக்கம். இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்று என் மனத்தை விட்டு அகலவே இல்லை. மற்ற கேள்விகளை அடுத்த உரைக்கு வைத்துக்கொண்டு, இன்று இதற்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் வசிக்கும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். இது அவருக்குத் தலைப்பிரசவம். ஆண் குழந்தை என்று தெரிந்துவிட்டது. மருத்துவமனையில் கையெழுத்துக்காகக் கொடுத்த தாள்களுக்கு இடையே, குழந்தைக்கு முன்தோல் நீக்கம் செய்ய விருப்பமா என்று கேட்கும் படிவமும் இருந்திருக்கிறது. "எங்கள் குடும்பத்தில் சுன்னத்து செய்யும் வழக்கம் இல்லை. ஆனால் செய்தால் சிறுநீர்த் தொற்று வருவது பத்து மடங்கு குறையும் என்று செவிலியர் சொல்கிறார். ஊரிலிருந்து அத்தை வேண்டவே வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?" என்பது அவருடைய கேள்வி.

அம்மா, செவிலியர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். கொலஸ்ட்ரால் மாத்திரை பற்றிய உரையைக் கேட்டவர்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் விஷயம் நினைவிருக்கும்: எத்தனை மடங்கு என்று ஒருவர் சொன்னால், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று உடனே திருப்பிக் கேட்க வேண்டும். மடங்கு வேறு, தலைக்கணக்கு வேறு.

இந்த விவாதத்தின் பிறப்பிடம் உங்கள் டெக்சாஸ் மாநிலம்தான். 1982 இல் டல்லாஸ் நகரத்து மருத்துவர்கள் இருவர், சிறுநீர்த் தொற்றோடு வந்த கைக்குழந்தைகளை ஆராய்ந்தபோது, அவர்களில் இருந்த ஆண் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் முன்தோல் நீக்கப்படாதவர்கள் என்பதைக் கவனித்தார்கள். அதைத் தொடர்ந்து சான் அன்டோனியோவில் உள்ள புரூக் ராணுவ மருத்துவமனையில் தாமஸ் விஸ்வெல் என்ற குழந்தை மருத்துவர், அங்கே பிறந்த குழந்தைகளின் ஆவணங்களை எடுத்துக் கணக்கிட்டு 1985 இல் வெளியிட்டார். முன்தோல் நீக்கப்பட்ட 1,919 குழந்தைகளில் 4 பேருக்குத் தொற்று வந்திருந்தது. நீக்கப்படாத 583 குழந்தைகளில் 24 பேருக்கு வந்திருந்தது. ஒரு பக்கம் நூற்றுக்கு 0.21, மறுபக்கம் நூற்றுக்கு 4.12, ஏறத்தாழ இருபது மடங்கு. இந்தச் சிகிச்சைக்கு மருத்துவத் தேவை எதுவும் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1971 முதல் சொல்லிவந்த காலம் அது என்பதால், இந்த எண்கள் பெரிய அதிர்வை உண்டாக்கின. பிறகு அவரே ராணுவ மருத்துவமனைகளில் பிறந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கணக்கில் எடுத்து, முன்தோல் நீக்கம் குறையக் குறைய ஆண் குழந்தைகளின் சிறுநீர்த் தொற்று கூடியதைக் காட்டினார்.

இதற்கு உடலியல் காரணமும் உண்டு. மலக்குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்கு மெல்லிய இழைகள் உண்டு. முன்தோலின் உட்புறச் சவ்வில் அவை எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. கைக்குழந்தைக்கு முன்தோல் ஆணுறுப்பின் நுனியில் உள்ள மொட்டோடு ஒட்டியே இருப்பதால் அந்த இடம் திறப்பதில்லை. அங்கே தங்கிய கிருமி, சிறுநீர்த் துளை வழியாக மேலே ஏறுகிறது. முதல் ஆறு மாதங்களில் இந்த அபாயம் மிகுதி. வயது ஏற ஏறக் குறைந்துவிடும்.

எதிர்த்தரப்பு மருத்துவர்கள் எழுப்பிய ஐயங்களும் வெறும் பிடிவாதம் அல்ல. விஸ்வெல்லின் ஆய்வு, குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்துச் செய்த சோதனை அல்ல. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் நலிந்த குழந்தைக்கும் யாரும் உடனே முன்தோல் நீக்கம் செய்வதில்லை. அவர்களுக்குத் தொற்று வரும் வாய்ப்பு இயல்பாகவே அதிகம். அவர்கள் அனைவரும் 'நீக்கப்படாதவர்' கணக்கில் சேர்ந்தால் வித்தியாசம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். ஸ்வீடன் நாட்டு மருத்துவர் யான் வின்பெர்க் 1989 இல் வேறொரு கோணத்திலிருந்து கேட்டார்: குழந்தையைப் பிறந்தவுடன் தாயிடமிருந்து பிரித்து வைப்பதால், தாயின் உடல் ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி பெற்றிருக்கும் கிருமிகளுக்குப் பதிலாக மருத்துவமனைக் கிருமிகள் அதன் உடலில் குடியேறுகின்றன அல்லவா, அப்படியிருக்கத் தோலைக் குற்றம் சொல்வானேன் என்றார். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குச் சிறுநீர்த் தொற்று குறைவாக வருகிறது என்று அவருடைய நாட்டிலேயே பின்னாளில் செய்த ஆய்வு காட்டியதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் குறைகளைக் கழித்த பிறகும் வித்தியாசம் மறைந்துவிடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1998 இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செய்த பெரிய ஆய்வில் இடைவெளி நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பன்னிரண்டு ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2005 இல் வெளியிட்டபோது, தொற்று ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது என்று கண்டார்கள். ஆகவே பலன் உண்டு.

இப்போது தலைக்கணக்குக்கு வருவோம். ஒரு கல்யாண மண்டபத்தில் பாய் விரித்து, நலமாகப் பிறந்த நூறு ஆண் குழந்தைகளைப் படுக்க வைத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கும் முன்தோல் நீக்கவில்லை என்றால், அந்த நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்குச் சிறுநீர்த் தொற்று வரும். நூறு பேருக்கும் நீக்கினால் பெரும்பாலும் அந்த ஒருவர் தப்பிப்பார். மற்ற தொண்ணூற்று ஒன்பது பேருக்கு இந்த நோயைப் பொறுத்தவரை எந்தப் பலனும் இல்லை. அந்த ஆஸ்திரேலியத் தொகுப்பின் கணக்குப்படி, ஒரு தொற்றைத் தடுக்க 111 குழந்தைகளுக்குச் செய்ய வேண்டும். ஒருவரை மருத்துவமனையில் சேர்க்காமல் காப்பதற்கு 195 பேருக்குச் செய்ய வேண்டும் என்பது ஒன்டாரியோ கணக்கு. அதே மண்டபத்தில் அறுவையின் விளைவுகளையும் எண்ண வேண்டும்: ரத்தக் கசிவு, புண்ணில் சீழ், தோலைக் கூடுதலாகவோ குறைவாகவோ வெட்டிவிடுதல் போன்றவை பச்சிளம் பருவத்தில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பேருக்கு வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை சிறியவை, ஆறிவிடக்கூடியவை. தடுக்கப்படும் தொற்றும் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் மருந்தால் குணமாகக் கூடியதுதான்.

இதனால்தான் ஒரே எண்களை வைத்துக்கொண்டு படித்த மருத்துவர்கள் வெவ்வேறு முடிவுக்கு வருகிறார்கள். பலன்கள் அபாயங்களைவிடக் கூடுதல், ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யச் சொல்லும் அளவுக்குக் கூடுதல் அல்ல என்று அமெரிக்கக் கழகம் 2012 இல் அறிவித்தது. அடுத்த ஆண்டே ஐரோப்பிய நாடுகளையும் கனடாவையும் சேர்ந்த 38 மருத்துவர்கள் அதற்கு மறுப்பு எழுதி, சிறுநீர்த் தொற்று ஒன்றே கைக்குழந்தைப் பருவத்தோடு ஓரளவு தொடர்புள்ள வாதம், அதுவும் போதுமானதல்ல என்றார்கள். என் முடிவைக் கேட்டால், நலமான குழந்தைக்குத் தொற்றை மட்டும் காரணமாக வைத்து நான் முன்தோல் நீக்கத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். செய்துகொள்ள முடிவெடுக்கும் பெற்றோரைத் தடுக்கவும் மாட்டேன்; குழந்தைக்கு மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகே கத்தி வைக்க வேண்டும் என்று மட்டும் வற்புறுத்துவேன்.

ஒரு விலக்கு உண்டு. கர்ப்பகால ஸ்கேனில் குழந்தையின் சிறுநீரகம் வீங்கியிருப்பதாகச் சொன்னார்களா? அதற்கு ஒரு காரணமாக இருக்கக்கூடிய, சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் சிறுநீரகத்துக்கே கடுமையாகத் திரும்பி ஏறும் கோளாறு உள்ள குழந்தைகளில், நான்கு பேருக்கு முன்தோல் நீக்கினால் ஒருவருக்குத் தொற்று தடுக்கப்படும் என்பது அதே 2005 ஆய்வின் கணிப்பு. 111 எங்கே, 4 எங்கே! அந்தக் குழந்தைக்கு நானே பரிந்துரைப்பேன். மடங்கு மாறவில்லை, தலைக்கணக்குதான் மாறியது என்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் இஸ்லாமியக் குடும்பங்கள் பலவற்றில் பையன் சற்று வளர்ந்த பிறகே சுன்னத்து செய்கிறார்கள். அது மார்க்கம் சார்ந்த கடமை, அதற்கு மருத்துவச் சான்று தேவையில்லை. ஆனால் முதல் ஆண்டின் தொற்றைத் தடுப்பது என்ற பலன் அந்த வயதில் கடந்து போயிருக்கும் என்பதால், இந்த எண்களை அங்கே கொண்டுபோய்ப் பொருத்தக் கூடாது.

சகோதரி கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அதைத்தான் எல்லாத் தாய்மார்களும் கேட்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். முன்தோலை அப்படியே விட்டால் எப்படிப் பார்த்துக்கொள்வது? எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது தோலைப் பின்னுக்கு இழுத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்று பாட்டிமார் சிலர் சொல்வதுண்டு. அதை அனுமதிக்காதீர்கள். 1949 இல் டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற ஆங்கிலேய மருத்துவர், பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேருக்கே தோல் முழுவதுமாகப் பின்னே போகும் என்று எழுதினார். மற்றவர்களுக்கு அது தானாகப் பிரிய ஆண்டுகள் ஆகும். பலவந்தமாக இழுத்தால் கிழிந்து, தழும்பு விழுந்து, தேவையே இல்லாத அறுவையில் கொண்டுபோய் விடும். வெளிப்புறத்தை வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவினால் போதும்.

காய்ச்சல் விஷயத்தில் மட்டும் தாமதிக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால், சளி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வயதில் காய்ச்சலோடு வரும் ஆண் குழந்தைகளில், முன்தோல் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சிறுநீர்த் தொற்று இருக்கிறது. நீக்கப்பட்டவர்களில் அது நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். ஆகவே மருத்துவர் கேட்காவிட்டாலும் முன்தோல் நீக்கியிருக்கிறதா இல்லையா என்பதை நீங்களே சொல்லுங்கள். பிளாஸ்டிக் பை ஒட்டிப் பிடித்த சிறுநீரில் தோலின் கிருமியும் கலந்துவிடும். அதை நம்பித் தொற்று என்று முடிவு கட்ட முடியாது. மெல்லிய குழாய் செலுத்தி எடுத்த சிறுநீரைத்தான், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கூடுமானவரை முதல் ஆன்டிபயாடிக் ஊசி போடுவதற்கு முன்பே அதை எடுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள். மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால், கிருமி இருந்தும் கல்ச்சரில் வளராமல் போகலாம்.