பெய்ஜிங்கின் ஐந்து கோட்பாடுகளும் நம் கடலும்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

சீனத் தலைவர்கள் வெளிநாட்டு மேடைகளில் அடிக்கடி சொல்வது ஐந்து கோட்பாடுகளை: இறையாண்மையையும் எல்லையையும் மதிப்பது, ஆக்கிரமிக்காமல் இருப்பது, அடுத்தவர் உள்விவகாரத்தில் தலையிடாமல் இருப்பது, சமமாக நின்று இருவரும் பயனடைவது, சமாதானமாகச் சேர்ந்து வாழ்வது. 1954 ஏப்ரலில் திபெத் வணிகம் பற்றி இந்தியாவும் சீனாவும் செய்துகொண்ட உடன்பாட்டின் முகவுரையில் இவை இடம்பெற்றன. எட்டே ஆண்டில், 1962-இல், அதே இரு நாடுகளும் எல்லையில் போரிட்டன. அப்படியும் சீனா இவற்றைக் கைவிடவில்லை. 1982-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் முகவுரையிலும் எழுதி வைத்திருக்கிறது.

சரி, கோலாலம்பூரில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இதில் என்ன?

1974 மே 31-ஆம் தேதி பெய்ஜிங்கில் நம் பிரதமர் துன் அப்துல் ரசாக்கும் சீனப் பிரதமர் சூ என்லாயும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதிலும் இதே கோட்பாடுகள்தான். ஆனால் அன்றைக்கும் சீனாவின் ஹூனான் மாநிலத்திலிருந்து ‘மலாயாப் புரட்சியின் குரல்’ என்ற வானொலி நம் அரசுக்கு எதிராகப் பேசிக்கொண்டுதான் இருந்தது. மலாயா கம்யூனிஸ்டுக் கட்சி நடத்திய அந்த ஒலிபரப்பு 1969-இல் தொடங்கியது. மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழிலும் வந்தது. தோட்டப்புறங்களில் சிற்றலை வானொலி வைத்திருந்த நம் பெரியவர்கள் சிலர் அதைக் கேட்டிருக்கவும் கூடும். கேட்டால், அரசுக்கும் அரசுக்கும் உள்ள உறவு வேறு, கட்சிக்கும் கட்சிக்கும் உள்ள உறவு வேறு என்பது பெய்ஜிங்கின் விளக்கம். தலையிடுவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சொல்கிற விளக்கமா இது?

அந்தக் குரல் 1981-இல்தான் அடங்கியது. கையெழுத்தின் வலிமையால் மட்டும் அது நடந்துவிடவில்லை. 1978 கடைசியில் வியட்நாம் படைகள் கம்போடியாவுக்குள் நுழைந்தன. வியட்நாமை எதிர்க்க, தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் ஆதரவு சீனாவுக்குத் தேவைப்பட்டது. சீனத் தலைவர் டெங் சியாவ்பிங்கே மலாயா கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர் சின் பெங்கை அழைத்து, ஒலிபரப்பை நிறுத்தச் சொன்னார். கோட்பாடும் சீனாவின் சொந்த நலனும் ஒரே பக்கம் சேர்ந்த பிறகுதான் காரியம் நடந்தது என்பது என் கணிப்பு. அதற்காக 1974 அறிக்கை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். நம் தரப்பு கேட்டபோதெல்லாம் எடுத்துக்காட்ட அந்த எழுத்து கையில் இருந்ததே!

இன்றைக்குக் கவலை கடலில் இருக்கிறது. சரவாக்கின் பெத்திங் பத்திங்கி அலி திட்டுகள் கடல் வளத்தை எடுக்க நமக்கு மட்டுமே உரிமையுள்ள நம் பொருளாதார மண்டலத்துக்குள் வருகின்றன. சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் அங்கே வந்து நிற்கின்றன. தென்சீனக் கடலின் பெரும்பகுதியைத் தனதென்று காட்டச் சீனா வரைபடத்தில் போட்டிருக்கும் கோடுகளும் அந்தக் கடலைத் தொட்டுச் செல்கின்றன. பிலிப்பீன்ஸ் தொடுத்த வழக்கில், அந்தக் கோடுகளுக்குள் வரலாற்று உரிமை கோரச் சட்ட அடிப்படை இல்லை என்று 2016-இல் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. சீனா அதை ஏற்கவில்லை.

2009 முதல் நம் மிகப் பெரிய வணிகக் கூட்டாளி சீனா. சண்டைக்குப் போவது நம் வழியல்ல, போகவும் கூடாது. ஆனால் ஆசியானும் சீனாவும் தென்சீனக் கடலுக்கான நடத்தை விதிகளைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசிவருகின்றன. நம் பேராளர்கள் அந்த மேசையில் ஐந்து கோட்பாடுகளில் முதலாவதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எந்தக் கடல் பகுதிக்கு இந்த நடத்தை விதிகள் பொருந்தும் என்பதைப் பொதுவாகச் சொல்லி விட்டுவிடாமல், அட்சரேகை, தீர்க்கரேகையோடு எழுதித் தரும்படி கேட்க வேண்டும். நன்றி, வணக்கம்.