அம்மாவின் முதுகுக்கு ஒரு நீளக் கைப்பிடி

வணக்கம், ரங்கூனிலிருந்து பேசுகிறேன். இன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு மணி வரைதான் கரண்ட் இருக்கும் என்றார்கள். அதற்குள் எடுத்து முடிக்க வேண்டும். பின்னால் டக் டக்கென்று கேட்பது அம்மா வெங்காயம் நறுக்குகிற சத்தம், அது பாட்டுக்கு இருக்கட்டும்.

இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன். நீளமான பிளாஸ்டிக் கைப்பிடி, நுனியில் என் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெள்ளைப் பட்டை. கைப்பிடி நடுவில் மடங்கும். விரித்தால் 40 சென்டிமீட்டர், கொஞ்சம் வளைவாக இருக்கிறது. முதுகு சொறியும் குச்சி என்று நினைத்துவிடாதீர்கள். கை எட்டாத இடத்தில் லோஷனோ, பவுடரோ, மருந்தோ தானே பூசிக்கொள்வதற்கான கருவி இது. எங்கள் வீட்டில் இதற்கு ‘லோஷன் குச்சி’ என்று பெயர் வந்துவிட்டது.

இதை ஏன் வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை இருக்கிறது. போன மழைக்காலத்தில் வலது தோள் பிடித்துக்கொண்டது. முதலில் ராத்திரி வலி. அப்புறம் கை மேலே போகவில்லை, பின்பக்கம் கொஞ்சம்கூடத் திரும்பவில்லை. கொண்டை போட முடியாமல் பின்னலை நான் போட்டுவிட ஆரம்பித்தேன். டாக்டர் பார்த்துவிட்டு ஃப்ரோசன் ஷோல்டர் என்றார். தோள்மூட்டைச் சுற்றியிருக்கிற உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது, அதனால் மூட்டு இறுகிவிடுகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட இது அதிகமாக வருகிறது. பெரும்பாலும் தானாகவே இளகிவிடும், ஆனால் அதற்கு ஒரு வருடமும் ஆகலாம், மூன்று வருடமும் ஆகலாம்.

அப்பா இருந்தவரை வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு அம்மாவின் முதுகை அவர்தான் தேய்த்துவிடுவார். அவர் போய் நாலு வருடம் ஆகிறது. நான் காலையில் வேலைக்குக் கிளம்பினால் திரும்ப இருட்டிவிடும். அம்மா வாயைத் திறந்து எதுவும் கேட்கமாட்டார். ஒரு நாள் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். அம்மா கதவு நிலையில் முதுகை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டென்று விலகி, அடுப்பைப் பார்க்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டார். ரவிக்கையைத் தூக்கிப் பார்த்தால் முதுகு முழுக்க வெள்ளை வெள்ளையாக வறண்டு கோடு கோடாக இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் இங்கே மழை கிடையாது, காற்று காய்ந்துவிடும். வயதானால் தோலில் எண்ணெய் ஊறுவதும் குறைந்துவிடும். இரண்டும் சேர்ந்தால் அரிப்புதான்.

“ஏம்மா சொல்லவில்லை?” என்றேன். “முதுகு தேய்க்க ஒரு ஆளா வைக்க முடியும்?” என்றார். அன்று ராத்திரியே தேட ஆரம்பித்தேன்.

முதலில் வாங்கியது இது அல்ல. ரோலர் வகை ஒன்று இருக்கிறது. தலைக்குள் லோஷனை ஊற்றி மூடிவிட வேண்டும், சின்னச் சின்ன உருண்டைகள் உருள உருள லோஷன் வெளியே வரும். படத்தில் பார்க்க அழகாக இருந்தது, ஃபோனில் ஒரு கடையில் ஆர்டர் போட்டேன். தண்ணீர் மாதிரி இருக்கிற லோஷன் என்றால் அந்த உருண்டைகள் உருளும். வறண்ட தோலுக்குத் தேவைப்படுவதோ கெட்டியான கிரீம். அதை ஊற்றினால் உருண்டை இறுகி நின்றுவிடுகிறது, அழுத்தினால் மூடி இடுக்கில் கசிந்து கைப்பிடி வழியாக முழங்கைக்கு வருகிறது. மூன்றாவது நாளே மூடி விரிசல் விட்டது. கடைக்காரருக்கு இரண்டு தடவை எழுதினேன், பதில் வரவில்லை. பணம் போனதைவிட, அம்மா “எனக்காகச் செலவு செய்யாதே” என்று சொல்ல அது ஒரு காரணமாகிவிட்டதே என்பதுதான் எனக்கு வருத்தம்.

சரி, இந்தப் பட்டை வகைக்கு வருகிறேன். விஷயமே இந்தப் பட்டையில்தான் இருக்கிறது. ஒரு சின்னச் சோதனை செய்து காட்டுகிறேன். இது பாத்திரம் கழுவுகிற சாதாரண ஸ்பாஞ்ச், புதியது. ஒரு சொட்டு லோஷன் விடுகிறேன். விரலால் தடவினால் பாருங்கள், லோஷன் எங்கே? உள்ளே போய்விட்டது. இப்போது அதே அளவை இந்தப் பட்டையில் விடுகிறேன். மேலேயே நிற்கிறது, விரலை வைத்தால் அப்படியே விரலுக்கு வந்துவிடுகிறது. பாத்திர ஸ்பாஞ்சில் ஓட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும், திரவம் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போய்க்கொண்டே இருக்கும். இதில் ஒவ்வொரு குமிழும் தனித்தனியாக மூடியிருக்கிறது. கடற்கரைச் செருப்பின் அடியில் இருக்கிற ஈ.வி.ஏ. ஃபோம் இதே மாதிரிதான். செருப்பு தண்ணீரில் விழுந்தாலும் ஊறாமல் மிதப்பதற்கு அதுதான் காரணம். வாங்கும்போது பட்டையை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பொசபொசவென்று உள்ளே போனால் லோஷனில் பாதியை அதுவே குடித்துவிடும்.

பூசுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. குளித்ததும் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். தோலில் ஈரம் இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், லோஷன் போய்விட வேண்டும். நோகிற கையால் குச்சியைப் பிடிக்கக் கூடாது. அம்மா இடது கையால் பிடித்து, இடது தோளுக்கு மேலாக ஒரு தடவை, இடுப்புப் பக்கமிருந்து மேல்நோக்கி ஒரு தடவை, அவ்வளவுதான். வலது தோளுக்கு டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சி தனியாக நடக்கிறது. குச்சி வந்துவிட்டது என்று அதை விடவில்லை.

இப்போது நம் ஊர் விஷயம், தனக்கா. பர்மாவில் பிறந்த தமிழ்ப் பெண்ணிடம் போய் லோஷனை மட்டும் பூசு என்றால் நடக்குமா? அம்மாவுக்குச் சாயங்காலம் முகம் கழுவியதும் கன்னத்தில் தனக்கா வேண்டும். வெயில் காலத்தில் கழுத்துக்கும் முதுகுக்கும் வேண்டும். ஏப்ரலில் இங்கே 37, 38 டிகிரி அடிக்கும்போது வேர்க்குருவுக்கு அதைவிடக் குளிர்ச்சியானது வேறில்லை என்பார். வெளியூரில் இருந்து பார்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன், தனக்கா என்பது மரப்பட்டை. கட்டையை அப்படியே வாங்கி, சௌப்பியின் என்று பர்மியர்கள் சொல்கிற வட்டக் கல்லில் தண்ணீர் விட்டு, நாம் சந்தனம் இழைப்பதுபோல் இழைக்க வேண்டும். கல்லின் விளிம்பைச் சுற்றி ஒரு வாய்க்கால் இருக்கும், மிஞ்சின தண்ணீர் அதில் இறங்கிவிடும். ஷ்வேபோ, ஷின்மாத்தௌங் பக்கத்திலிருந்து வருகிற கட்டை என்றால் இங்கே மதிப்பு அதிகம். தனக்கா என்று சொல்வது ஒரே மரத்தை அல்ல. தமிழ்நாட்டில் மகாவில்வம் என்கிறார்களே, அந்த மரமும் விளாமரமும் இதில் சேர்த்திதான். இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நாங்கள் கட்டை வாங்குவது தெய்ஞ்சி சந்தையில். பெரியவர்கள் இன்னும் சூரத்தி பஜார் என்றுதான் சொல்கிறார்கள். 1871-இல் தமிழர்கள் கட்டிய காளி கோயிலுக்குப் பக்கம், சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே போய்விடலாம்.

தனக்காவை இந்தப் பட்டையில் வைத்தபோது ஒட்டவே இல்லை. நீர்க்க இழைத்தால் பட்டை வழுக்கி, மோர் மாதிரி முதுகில் வழிந்து புடவைக் கொசுவத்தில் இறங்கியது. கெட்டியாக இழைத்தால் பட்டையிலேயே காய்ந்து பொருக்கு தட்டி, அடுத்த தடவை தோலைக் கீறியது. மூன்று நாள் விதவிதமாகச் செய்து பார்த்தோம். கடைசியில் வழி கண்டுபிடித்தது அம்மாதான். அப்பாவின் பழைய லோன்ஜி ஒன்று, நம் கைலி மாதிரி இடுப்பில் கட்டுகிற துணி, துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. அதில் ஒரு துண்டைக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, பட்டைக்கு மேலே உறை மாதிரிச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டார். ஈரத் துணி ஏற்கெனவே தண்ணீர் குடித்திருப்பதால் தனக்காவை உள்ளே இழுக்காது. துணியின் சொரசொரப்பில் விழுதும் நழுவாமல் நிற்கும். பதம் எப்படி என்றால், இட்லி மாவுக்கும் தோசை மாவுக்கும் நடுவில். இதோ, என் கையில் ஒரு இழுப்பு இழுக்கிறேன், பாருங்கள். நூல் நூலாகத் துணியின் கோடுகள்கூடத் தெரிகின்றன. காய்ந்தால் அந்தக் கோடுகள் மஞ்சளாக நிற்கும்.

முதல் நாள் அம்மா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்ததும் திரும்பி நின்று முதுகைக் காட்டினார். தோளிலிருந்து இடுப்பு வரை நாலு பட்டையாகத் தனக்கா. நடுவில் ஒரு கை அகலத்துக்கு விட்டுப்போயிருந்தது. பூசிவிடட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம், நாளைக்கு நானே அங்கேயும் பூசிவிடுவேன்” என்றார். மறுநாள் அங்கேயும் பூசியிருந்தார்.

பவுடரைப் பற்றி இரண்டு வார்த்தை. இதே கைப்பிடியில் பட்டையைக் கழற்றிவிட்டு பவுடர் பஃப் மாட்டுகிற வகையும் விற்கிறது. முதுகில் பவுடர் ஒற்றிக்கொள்ள வசதிதான், ஆனால் டால்க் பவுடரைப் பற்றி யோசித்து வாங்குங்கள். டால்க் என்பது மண்ணிலிருந்து தோண்டி எடுக்கிற கனிமம், அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024-இல் டால்க்கை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்பதற்கு வலுவான காரணங்கள் உள்ள பிரிவில், 2ஏ-இல் சேர்த்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் டால்க் பேபி பவுடரை 2023-இல் உலகம் முழுக்க நிறுத்திவிட்டு சோளமாவுக்கு மாறியது. எங்கள் வீட்டு டப்பாவை நான் எடுத்து வைத்துவிட்டேன். எந்தப் பவுடராக இருந்தாலும் நீளக் குச்சியை வீசினால் புகை மாதிரிக் கிளம்பும். பஃபைத் தட்டில் ஒற்றி, உதறி, அப்புறம் மெதுவாக முதுகில் வையுங்கள். கைக்குழந்தை இருக்கிற அறையில் வேண்டவே வேண்டாம்.

சர்க்கரை உள்ளவர்கள் இருக்கிற வீடு என்றால் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். குனிய முடியாதவர்கள் இந்தக் குச்சியால் காலுக்கும் பூசலாம். இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை ஆனவர்களைச் சில மாதங்களுக்கு 90 டிகிரிக்கு மேல் இடுப்பை மடக்கக் கூடாது என்று சொல்வதுண்டு, அவர்களுக்கு இது பெரிய உதவி. குதிகாலுக்கும் பாதத்தின் மேலும் கீழும் நன்றாகப் பூசுங்கள். விரல் இடுக்கில் மட்டும் பூசாதீர்கள், அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். நாற்காலியில் உட்கார்ந்து பூசி, லோஷன் உறிஞ்சின பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு எழுந்திருங்கள். லோஷன் காலோடு டைல்ஸில் நடந்தால் வழுக்கும். அப்புறம், குச்சி பூசும், ஆனால் பார்க்காது. புண், வெடிப்பு, நிறமாற்றம் இருக்கிறதா என்று தினமும் கண்ணால் பார்க்க வேண்டும். அம்மாவின் பாதத்தை நான் ராத்திரி டார்ச் அடித்துப் பார்க்கிறேன், முதுகை ஞாயிற்றுக்கிழமை.

படர்தாமரை மருந்து பூசுகிற பட்டையை லோஷனுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். வேறு பட்டை, வேறு துணி. ஒருவர் பட்டையை இன்னொருவர் எடுக்கவும் வேண்டாம்.

சுத்தம் செய்வது சுலபம். வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, நிழலில் தொங்கவிடுங்கள். எங்கள் ஊரில் ஜூனிலிருந்து அக்டோபர் வரை சுவரே பூசணம் பிடிக்கும். அந்த மாதங்களில் குளியலறையில் வைத்தால் பட்டைக்கு அடியில் கறுப்புப் புள்ளி வந்துவிடும், ஜன்னல் ஓரம்தான் சரி. புள்ளி வந்தால் கழுவிப் பார்க்காதீர்கள், தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டுங்கள்.

மாற்றுப் பட்டை இங்கே சுலபமாகக் கிடைக்காது. நான் செய்கிற வழியைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். குழந்தைகள் விளையாடத் தரையில் போடுகிற ஈ.வி.ஏ. பாய், 1 சென்டிமீட்டர் தடிமன், ஒரு சதுரம் வாங்கினால் பத்துப் பட்டை வரும். பழைய பட்டையை மேலே வைத்துப் பேனாவால் வரைந்து வெட்டுங்கள். ஓரத்தைக் கத்தரியால் மழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் தோலில் உரசும். டபுள் டேப் ஒட்டினால் வெந்நீரில் பிய்ந்துவிடும், தையல்காரரிடம் கிடைக்கிற வெல்க்ரோவை ஒட்டுங்கள். துணி உறைக்கு 20-க்கு 20 சென்டிமீட்டர் பழைய பருத்தி, நாலு வெட்டிக்கொண்டால் வாரத்துக்குப் போதும். அம்மா நாலுக்கும் ஓரம் தைத்துவிட்டார். ரப்பர் பேண்ட் அறுந்துபோகிறது என்று இப்போது அதற்கும் நாடா வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறார்.