பாடியவர் பெயர் எங்கே?

நேயர்களுக்கு வணக்கம்.

பர்மா பஜாரில் இசை வட்டு வாங்கிக்கொண்டு, கடற்கரை நிலையத்தில் மின்சார ரயில் ஏறி வீடு திரும்பிய தலைமுறை என்னுடையது. அந்த வட்டுகள் இன்று வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் பரண்மேல் கிடக்கின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்ற விரும்புவோர், தயவுசெய்து எம்பி3 வடிவத்தில் மாற்றாதீர்கள். வட்டில் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகளாக, 16 பிட் அளவில், இடமும் வலமுமாகப் பதிந்திருக்கிறது. எம்பி3 அதில் ஒரு பகுதியைக் கழித்துவிடும், கழித்தது திரும்பாது. ஃப்ளாக் (FLAC) என்ற கோப்பு வடிவம் எதையும் கழிக்காமல் மடித்து வைக்கிறது. இடம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். பிரித்தால் வட்டிலிருந்த அதே எண்கள் வந்து நிற்கும். நூறு பாட்டு அடங்கிய எம்பி3 வட்டுகளை மட்டும் அப்படியே நகலெடுத்தால் போதும். அவற்றை ஃப்ளாக் ஆக்குவதால் இழந்தது வராது.

சில மாதங்களுக்கு முன் காசிமேட்டிலிருந்து ஓர் அக்கா ஒரு வட்டைக் கொண்டுவந்தார். பழைய முந்தானைத் துணியில் சுற்றியிருந்தது. மேலே மார்க்கர் பேனாவால் 'அண்ணன் கானா' என்று எழுதியிருந்தது. வேறொன்றும் இல்லை. கணினியில் பதிவுசெய்த வட்டு அது. இத்தகைய வட்டுகளில் ஒலி ஒரு சாயப் படலத்தில் பதிகிறது. வெயிலும் வெப்பமும் பட்டால் அந்தச் சாயம் கெடும். ஆகவே காலம் தாழ்த்தக் கூடாது.

மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைத்து ஒரு கீறல் விழுந்தால், அது ஒலித்தடத்தோடு சேர்ந்தே ஓடித் தொடர்ச்சியாகப் பாழாக்கிவிடும். பிறகு, வட்டிலிருந்து ஒலியை நகலெடுக்கும் எக்ஸாக்ட் ஆடியோ காபி என்ற மென்பொருளில் போட்டேன். கடையில் விற்ற வட்டாக இருந்தால், உலகில் வேறு யாராவது எடுத்த நகலோடு நம் நகல் பொருந்துகிறதா என்று அக்யூரேட்ரிப் தரவுத்தளம் சொல்லிவிடும். அண்ணன் கானாவை வேறு யார் எடுத்திருக்கப் போகிறார்கள்? அதனால் ஒவ்வொரு பாட்டையும் இரண்டு முறை படிக்கவைத்து, சரிபார்ப்பு எண் இரண்டு முறையும் ஒன்றாக வருகிறதா என்று பார்த்தேன். நான்காவது பாட்டில் வரவில்லை. மறுபடி துடைத்து, வேகத்தைக் குறைத்து, வேறொரு டிரைவில் போட்ட பிறகே பொருந்தியது.

இவ்வளவும் பாதி வேலைதான். ஒலி வட்டில் பாட்டின் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. திரையில் பெயர் தோன்றுகிறதே என்பீர்கள். பாட்டுகளின் நீளத்தை வைத்து இணையத் தரவுத்தளத்திலிருந்து மென்பொருள் எடுத்துத் தருவது அது. அங்கே இசையமைப்பாளர் பெயர் இருக்கும், பாடலாசிரியர் பெயர் பல வேளைகளில் இருக்காது. கச்சேரி வட்டென்றால் பாடகர் இருப்பார். வயலினும் மிருதங்கமும் உறை அட்டையோடு நின்றுவிடும். தியாகராஜர் திருவொற்றியூர் அம்மன்மீது பாடிய ஐந்து கீர்த்தனைகளை என் கணினியில் தேடியபோது, ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறிமாறி வந்ததால் அவர் மூன்று ஆளாகப் பிரிந்து கிடந்தார். ஃப்ளாக் கோப்பின் டேக், அதாவது பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் எழுதிவைக்கும் பகுதி, தமிழ் எழுத்தை அப்படியே ஏற்கும். நிகழ்த்துநர் கட்டத்தை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் சேர்க்கலாம். எம்பி3டேக் என்ற மென்பொருளைத் திறந்து, உறையைப் பார்த்துத் தமிழிலேயே தட்டச்சு செய்யுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால், வாசித்தவரின் பெயரை விட்டுவிட்டு அவர் வாசிப்பை மட்டும் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

அக்காவின் வட்டுக்கு உறையே கிடையாது. பாட்டு ஒவ்வொன்றாக ஓட, அவர் அருகில் அமர்ந்து சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். பாடியது அண்ணன், டோலக் சித்தப்பா மகன். ஏழாவது பாட்டில் பின்னணியில் ஒரு சிறுவன் குரல். யாரென்று அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டோம். பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, அந்தப் பெயரை நிறுத்தி நிறுத்தி இரண்டு முறை சொன்னார்.