நெல் அறுத்த வயலில் க்ராஃபிஷ்: லூசியானாவின் மறுபக்கம்

மக்களே, வணக்கம். அமெரிக்காவின் லூசியானா மாநிலம் என்றாலே நியூ ஆர்லியன்ஸ், ஜாஸ், மார்டி க்ரா திருவிழா என்று எல்லாரும் வீடியோ போட்டுவிட்டார்கள், அதனால் நான் அங்கே நிற்காமல் மேற்கே இரண்டரை மணி நேரம் போல வண்டியை விட்டு க்ரௌலி என்கிற ஊர்ப் பக்கம் வந்துவிட்டேன். பின்னால் தெரிகிற தண்ணீர் ஏரி இல்லை, நெல் வயல். நெல்லை ஆகஸ்ட் வாக்கிலேயே அறுத்தாகிவிட்டது, இப்போது இதில் எடுப்பது க்ராஃபிஷ்.

சிங்கி இறாலை விரல் நீளத்துக்குச் சுருக்கிவிட்டால் எப்படி இருக்கும், அதுதான் க்ராஃபிஷ், ஆனால் நன்னீரில் வாழ்வது. கோடைத் தொடக்கத்தில் நெல் நிற்கும்போதே இதை வயலில் விட்டுவிடுகிறார்கள். அறுப்புக்குத் தண்ணீரை வடித்ததும் சேற்றைத் தோண்டிக்கொண்டு உள்ளே போய்விடும், இலையுதிர் காலத்தில் மறுபடி தண்ணீர் கட்டினால் குஞ்சுகளோடு வெளியே வரும். அரிதாளும், அதிலிருந்து கிளம்பும் மறுதாம்பும் தண்ணீரில் அழுகி அதற்குத் தீனியாகிவிடுகின்றன, தனித் தீவனம் பெரும்பாலும் கிடையாது.

அதோ, தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிறதே, அதெல்லாம் கம்பிவலைக் கூண்டுகள். படகைப் பாருங்கள், பின்னால் ஒரு இரும்புச் சக்கரம், அது சேற்றை உந்திப் படகைத் தள்ளுகிறது. ஓட்டுகிறவர் படகை நிறுத்துவதே இல்லை, ஒரு கையால் கூண்டைத் தூக்கி மேசையில் கொட்டுகிறார், அடுத்த நொடி இரை வைத்த இன்னொரு கூண்டை அங்கே ஊன்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார். பார்த்துக்கொண்டே நிற்கலாம் போல இருக்கிறது.

இந்தப் பக்கத்து மண்ணுக்கு அடியில் இறுகிய களிமண், தண்ணீர் கீழே இறங்காது. 1880களில் ரயில் வந்ததும் வடக்கே கோதுமை போட்டுக்கொண்டிருந்தவர்கள் இயந்திரங்களோடு வந்து இறங்கி, அதே இயந்திரங்களை நெல்லுக்குத் திருப்பிவிட்டார்கள். இந்த ஊர் நெல் ஊரானது அப்படித்தான்.

சரி, இன்னும் தெற்கே கடலோரம் போனால் கதையே வேறு. அந்த நிலம் முழுக்க மிசிசிப்பி ஆறு ஆயிரக்கணக்கான வருடங்களாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல். 31 மாநிலங்களின் தண்ணீர் இந்த ஒரு ஆற்றில் வடிகிறது, கூடவே மண்ணும். ஆறு அவ்வப்போது கரை உடைத்துப் பரவினால்தான் அந்த மண் நிலத்துக்குப் போய்ச் சேரும். 1927 வெள்ளத்துக்கு அப்புறம் கரைகளை உயர்த்திப் பலமாகக் கட்டிவிட்டார்கள், ஊர்கள் பிழைத்தன, வண்டல் நேராகக் கடலுக்குப் போய்விட்டது. போதாததற்கு எண்ணெய், எரிவாயு எடுக்கச் சதுப்பு நிலத்தைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக் கால்வாய் விட்டார்கள், அதன் வழியே உப்புத் தண்ணீர் ஏறி, புல் செத்து, வேர்ப்பிடிப்பு போய் மண் கரைந்தது. 1932-லிருந்து 2016 வரை போன நிலம் சுமார் 4,800 சதுர கிலோமீட்டர், கடலோரத்தில் இருந்ததில் நான்கில் ஒரு பங்கு. ஈல் த ஷான் ஷார்ல் என்கிற பூர்வகுடித் தீவு கிட்டத்தட்ட முழுதும் கரைந்து, அங்கிருந்தவர்களை அரசுச் செலவில் வடக்கே குடியமர்த்த வேண்டியதாயிற்று.

இதற்கு மருந்தாக, கரையில் மதகு வைத்து ஆற்றையும் வண்டலையும் பராட்டாரியா சதுப்புக்குத் திருப்பிவிடுகிற சுமார் 300 கோடி டாலர் திட்டம் ஒன்று 2023-ல் தொடங்கியது. 2025-ல் மாநில அரசே அதைக் கைவிட்டுவிட்டது. செலவு ஒரு காரணம், நன்னீர் புகுந்தால் சிப்பியும் இறாலும் போய்விடும் என்று மீனவர்கள் எதிர்த்ததும் இன்னொன்று. அவர்கள் பயம் நியாயம்தான், இந்தப் பருவத்து வருமானம் போனால் யார் தருவார்கள்? ஆனால் சதுப்பே போய்விட்டால் இறாலும் இருக்காதே. இத்தனைக்கும் நாட்டின் தானிய ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஆற்று வழியாகத்தான் போகிறது, பேட்டன் ரூஜிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை கரையெங்கும் ரசாயன ஆலைகள், இருந்தும் ஏழை மாநிலங்களின் வரிசையில் லூசியானா முன்னால் நிற்கிறது. அந்தப் பணமெல்லாம் எங்கே போகிறது என்று நான் கேட்டால் கமெண்டில் சண்டை வரும், விடுங்கள்.

இங்குள்ள கேஜன் மக்களின் முன்னோர் 1755-லிருந்து பிரிட்டிஷாரால் கனடாப் பக்கத்திலிருந்து துரத்தப்பட்ட பிரெஞ்சுக்காரர்கள். 1921 அரசியல் சட்டம் பள்ளியில் ஆங்கிலம் மட்டும்தான் என்றது, பிரெஞ்சு பேசிய பிள்ளைகளுக்குத் தண்டனை. 1968-ல்தான் அரசே பிரெஞ்சை வளர்க்க ஒரு அமைப்பு வைத்தது, அதற்குள் ஒரு தலைமுறை தன் பிள்ளைகளிடம் பிரெஞ்சில் பேசுவதையே விட்டிருந்தது.

சாப்பாட்டுக்கு வருவோம். கம்போ என்று ஒரு குழம்பு, எண்ணெயில் மாவைக் கருஞ்சிவப்பாக வறுத்து, வெங்காயம், செலரி, குடைமிளகாய் போட்டு, கோழியோ இறாலோ சேர்த்துச் சோற்றோடு தருகிறார்கள். பல வீடுகளில் வெண்டைக்காயும் உண்டு, அது ஆப்பிரிக்க அடிமைகள் வழி வந்தது. சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள், வெண்டைக்காய் கம்போ என்று போட்டிருந்தாலும் உள்ளே சாஸேஜ் கிடக்கும்.

க்ராஃபிஷ் சாப்பிட வருகிறவர்கள் மார்ச், ஏப்ரலில் வாருங்கள், அப்போதுதான் வரத்து அதிகம், விலையும் இறங்கும். கார் இல்லாமல் இந்தப் பக்கம் வராதீர்கள், பஸ்ஸை நம்ப முடியாது. கொசு மருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள்.