எஸ் சொல்வதா, நோ சொல்வதா?
(தண்டையார்பேட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வந்திருக்கிற அக்கா, அண்ணன், தம்பி, தங்கச்சி எல்லோருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில் உங்களுக்கு இருக்கும் சந்தேகங்களைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லியிருந்தோம், நிறைய வந்திருக்கிறது. படித்துப் பார்த்ததில் ஒன்று நன்றாகத் தெரிந்தது. நீங்கள் செய்யும் தப்புகளில் பெரும்பாலானவை, தமிழ் உங்களுக்கு உள்ளுக்குள் உறுதியாக இருப்பதால் வருகிறவை. அதற்காக யாரும் கூனிக் குறுக வேண்டியதில்லை. தமிழ் எந்த இடத்தில் ஒரு பக்கம் போகிறது, ஆங்கிலம் எந்த இடத்தில் வேறு பக்கம் திரும்புகிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவதை முதலில் எடுக்கிறேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், "யூ டிடன்ட் டேக் த டேப்லட்?" என்று கேட்கிறார், நீங்கள் மாத்திரை போடவில்லை. தமிழில் "மாத்திரை போடலையா?" என்றால் "ஆமாங்க, போடல" என்போம், ஏனென்றால் கேட்டவர் நினைத்தது சரி என்று ஒப்புக்கொள்கிறோம். அதே பழக்கத்தில் "எஸ்" என்று சொல்லி நிறுத்தினால், போட்டுவிட்டீர்கள் என்று அவர் எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. ஆங்கிலத்து எஸ்ஸும் நோவும் கேட்டவர் என்ன நினைக்கிறார் என்று பார்ப்பதில்லை, நடந்ததா இல்லையா என்று மட்டும்தான் பார்க்கின்றன. போட்டிருந்தால் "எஸ், ஐ டிட்", போடவில்லையென்றால் "நோ, ஐ டிடன்ட்", கேள்வி எப்படித் திரும்பி வந்தாலும் சரி. ஜப்பானியரும் கொரியரும்கூட நம்மைப் போலத்தான் பதில் சொல்வார்கள், அவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. இன்டர்வியூவிலும் போனிலும் ஒற்றை எஸ்ஸோடோ நோவோடோ நிறுத்தாதீர்கள், அந்த "ஐ டிட்", "ஐ டிடன்ட்" வாலையும் சேர்த்தே சொல்லுங்கள், அப்புறம் குழப்பத்துக்கு இடமே இல்லை.

அடுத்தது ஹேவ், ஹேஸ். நம்ம ராயபுரம் ஸ்டேஷனையே எடுத்துக்கொள்வோம், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. "1856லேயே திறந்திருக்காங்க" என்று தமிழில் இயல்பாகச் சொல்வோம், அந்த "இருக்காங்க"தான் ஆங்கிலத்துக்குள் போய் "தே ஹேவ் ஓப்பன்ட் இட் இன் 1856" என்று ஆகிவிடுகிறது. முடிந்துபோன ஒரு நேரத்தைப் பெயர் சொல்லிக் குறித்துவிட்டால், அது 1856 ஆனாலும் நேற்று ஆனாலும், ஹேவ் வரக் கூடாது; "தே ஓப்பன்ட் இட் இன் 1856", அவ்வளவுதான். அந்த ஸ்டேஷன் இன்றைக்கும் இருக்கிறது என்று சொல்லும்போது ஹேஸ் வரும்: "இட் ஹேஸ் பீன் ஹியர் சின்ஸ் 1856". தொடங்கிய புள்ளியைச் சொன்னால் சின்ஸ், எவ்வளவு காலம் என்று நீளத்தைச் சொன்னால் ஃபார், அதாவது "ஃபார் மோர் தேன் 160 இயர்ஸ்". "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்" என்று ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார், "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்" என்று மாற்றிக்கொள்ளம்மா.

ஏ, ஆன் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக: எழுத்தைப் பார்க்காதீர்கள், காதால் கேளுங்கள். ஆன் எம்எல்ஏ, ஆன் அவர் (hour, மணி நேரம்), ஆனால் ஏ யுனிவர்சிட்டி. டிஸ்கஸுக்குப் பின்னால் அபவுட் வேண்டாம், "பற்றி" அதற்குள்ளேயே இருக்கிறது.

சில சீட்டுகளைப் பார்த்து எனக்குக் கோபமே வந்தது, உங்கள் மேல் இல்லை, இப்படிச் சொல்லிப் பயமுறுத்தியவர்கள் மேல். வாக்கியம் பிரிபோசிஷனில், அதாவது டு, இன், வித் மாதிரிச் சொல்லில், முடியக் கூடாதாம். ஜான் டிரைடன் என்ற கவிஞர், தனக்கு முந்தைய நாடகாசிரியர் பென் ஜான்சன் எழுதியதில் 1672இல் குறை கண்டுபிடித்தபோது கிளப்பிய விஷயம் அது. ஆங்கில வழக்குக்கு அகராதி எழுதிய ஃபவுலர் 1926லேயே அதை மூடநம்பிக்கை என்று எழுதிவிட்டார். "ஹூ ஆர் யூ டாக்கிங் டு?" என்று தாராளமாகக் கேளுங்கள். ஒரே ஆளைக் குறிக்க "தே" சொல்லலாமா என்றால், 14ஆம் நூற்றாண்டிலிருந்தே சொல்கிறார்கள். இதிலெல்லாம் மார்க் குறைக்கிறவர்களிடம் பரீட்சை வரைக்கும் ஒத்துப்போங்கள், பேசும்போது மறந்துவிடுங்கள்.

கடைசியாக, பிரீபோன், அதாவது குறித்த தேதியை முன்னுக்குக் கொண்டுவருவது. நம் நாட்டு ஆங்கிலத்தில் அது நல்ல சொல்தான், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இருக்கிறது, அம்பத்தூர் மேனேஜருக்கு எழுதலாம். லண்டன்காரருக்குப் புரியாமல் போகலாம், அவருக்கு "பிரிங் ஃபார்வர்ட்" போடுங்கள். ஆனால் ரெஸ்யூமில் "பாஸ்ட் அவுட் இன் 2022" என்று எழுதியிருக்கும் தம்பிகள் இன்றைக்கு ராத்திரியே அதை மாற்றிவிடுங்கள், அமெரிக்கக் கம்பெனியில் படிக்கிறவருக்கு நீங்கள் 2022இல் மயங்கி விழுந்ததாகத்தான் தோன்றும். டிகிரி என்றால் "கிராஜுவேட்டட் இன் 2022", டிப்ளமா என்றால் "கம்ப்ளீட்டட் மை டிப்ளமா இன் 2022".