எந்தப் பூவைக் குத்திக்கொள்வது?

நண்பர்களே, பூ டாட்டூ குத்திக்கொள்ள ஆசைப்படுபவர்கள் முதலில் தேடுவது அர்த்தப் பட்டியலைத்தான். ரோஜாவுக்குக் காதல், தாமரைக்குத் தூய்மை என்று வரிசையாகப் போகும். அந்தப் பட்டியலை ரொம்ப நம்பாதீர்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அது ஆதிகாலத்து ஞானம் ஒன்றும் இல்லை. 1819-ல் பாரிஸில் சார்லோட் டி லத்தூர் என்ற பெயரில் ஒரு பூமொழிப் புத்தகம் வந்தது. அதன்பின் ஐரோப்பாவில் ஆளாளுக்குப் பட்டியல் போட்டார்கள், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அன்று மஞ்சள் ரோஜா என்றால் பொறாமை, துரோகம். இன்று நட்பு. ரோஜா என்னவோ அதே ரோஜாதான்!

நம் புறத்திணையில் வெட்சி சூடினால் ஆநிரை கவரப் போகிறான், வாகை சூடினால் வென்றுவிட்டான். பூவுக்குள் போர் எங்கே இருக்கிறது? பார்ப்பவனுக்கும் சூடுபவனுக்கும் ஓர் உடன்பாடு, அவ்வளவுதான். உடன்பாடு இல்லாத இடத்துக்குப் போனால் அர்த்தம் புரண்டுவிடும். பதினாறு இதழ்ச் செவ்வந்தி ஜப்பானிய அரச குடும்பத்தின் சின்னம். அதே செவ்வந்தியைப் பிரான்சில் நவம்பர் 1-ஆம் தேதி கல்லறைகளில் கொண்டுபோய் வைக்கிறார்கள். சிவப்பு பாப்பி பிரிட்டனில் முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவு. 2010 நவம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் கேமரூன் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு பெய்ஜிங் போனபோது, கழற்றிவிடுங்களேன் என்று சீன அதிகாரிகள் கேட்டதாகச் செய்தி வந்தது. அபினி எடுப்பது பாப்பிச் செடியிலிருந்துதான்; அதனால் அவர்களுக்கு அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டன் சீனாவோடு நடத்திய அபினிப் போரை நினைவூட்டும் பூ. கேமரூன் கழற்றவில்லை. சட்டைப் பூவையாவது கழற்றலாம். தோலில் இருப்பதை?

சரி, அர்த்தமே வேண்டாமா? வேண்டும், ஆனால் அது உங்களுடையதாக இருக்கட்டும். பாட்டி வளர்த்த செடி என்றால் அதுவே போதும். பட்டியலில் அதற்கு என்ன போட்டிருந்தால் என்ன?

பட்டியலைவிட முக்கியம் பூவின் உருவம். ஊசி மையை மேல்தோலுக்குக் கீழே, ஒன்று இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் இறக்குகிறது. அங்கே நம் உடலின் நோய் எதிர்ப்புச் செல்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அதனால்தான் டாட்டூ நிற்கிறது. ஆனால் வருடங்கள் போகப் போக ஒவ்வொரு கோடும் கொஞ்சம் தடிக்கும். கோடுகளுக்கு நடுவே இடம் விடாத டிசைன், தண்ணீர் பட்ட கையெழுத்து மாதிரி ஆகிவிடும். லாவெண்டரைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிக் குத்தினால் பின்னாளில் அது ஒரு ஊதாக் கறை. குடும்பத்தில் எல்லோருடைய பிறந்த மாதப் பூக்களையும் சின்னப் பூங்கொத்தாகக் கேட்பவர்களுக்கும் இதே ஆபத்து. பெரிதாகக் குத்துங்கள், இல்லையென்றால் பூக்களைக் குறையுங்கள்.

ஜப்பானில் பச்சை குத்தும் கலைஞர்கள் பியோனியையும் செவ்வந்தியையும் விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் குறியீடு மட்டும் இல்லை என்பது என் கணிப்பு. பெரிய இதழ், தெளிவான விளிம்பு, தோளின் வளைவோடு சேர்ந்து வளையும் உருண்டை. பியோனியோடு சிங்கத்தைச் சேர்ப்பது அவர்கள் வழக்கம். மிருகங்களின் அரசனுக்குப் பூக்களின் அரசன் துணை. தண்டு நீண்ட டியூலிப்புக்கோ ஐரிஸுக்கோ முன்கைதான் சரியான இடம்.

நிறத்தில் வெள்ளையும் வெளிர் மஞ்சளும் சீக்கிரம் மங்கும். மல்லிகை வேண்டும் என்பவர்கள் இதழை வெள்ளை மையால் நிரப்பச் சொல்லாமல், சுற்றிலும் நிழல் போட்டு நடுவில் தோலின் நிறத்தையே இதழாக விடச் சொல்லுங்கள். விரலிலும் உள்ளங்கையிலும் எந்தப் பூவும் நிலைக்காது.

அப்புறம், டிசைனை உண்மையான அளவில் அச்செடுத்துக் கையில் ஒட்டிக்கொண்டு, கண்ணாடியிலிருந்து தள்ளி நின்று பாருங்கள். என்ன பூ என்று தெரிகிறதா? கடையில் ஸ்டென்சில், அதாவது குத்துவதற்கு முன் தோலில் பதிக்கும் மாதிரிக் கோடுகளை, ஒட்டும்போது கையை இயல்பாகத் தொங்கவிட்டு நில்லுங்கள். முறுக்கி நீட்டிய கையில் நேராக இருக்கும் தண்டு, கையை இறக்கியதும் கோணிவிடும். பிடிக்கவில்லையா, துடைத்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், ஊசி இன்னும் தொடவில்லை.