சிறுவர்களுக்கான மர வில்: பெரிய வில்லின் அளவைக் குறைத்தால் போதுமா?

"என் 10 வயது மகளுக்கு நானே மரத்தில் ஒரு வில் செய்து தர விரும்புகிறேன். என்னிடமுள்ள 40 பவுண்டு வில்லின் அளவுகளையெல்லாம் முக்கால் பங்காகக் குறைத்தால் சரியாக வருமா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

வராது. நீளம், அகலம், தடிமன் மூன்றையும் முக்கால் பங்காக்கி, நாணையும் முக்கால் பங்கு தூரமே இழுத்தாலும், இழுவிசை (நாணை முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசை; வில்லின் பவுண்டுக் கணக்கு இதுதான்) பதினாறில் ஒன்பது பங்காகத்தான் குறையும். அதாவது உங்கள் வில் ஏறத்தாழ 22 பவுண்டில் வந்து நிற்கும். அந்த வயதில் புதிதாகப் பழகும் பிள்ளைக்கு 10 முதல் 12 பவுண்டு போதும். கடினமான வில்லை இழுத்துப் பழகினால் கை உரம் ஏறும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தாங்காத வில்லை இழுக்கும் பிள்ளை தோளைத் தூக்கி, இடுப்பைப் பின்னுக்குச் சாய்த்துத்தான் இழுக்கும். அந்தப் பழக்கம் படிந்துவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

ஆகவே அளவுகளைப் பிள்ளையின் உடலிலிருந்து தொடங்குங்கள். இரு கைகளையும் பக்கவாட்டில் விரிக்கச் சொல்லி, விரல் நுனி முதல் விரல் நுனி வரை அளந்து 2.5 ஆல் வகுத்தால், இழுப்பு நீளம், அதாவது முழுதாக இழுக்கும்போது வில்லுக்கும் நாணுக்கும் இடையிலான தூரம், ஏறத்தாழக் கிடைக்கும்; 140 செ.மீ. விரிந்தால் 56 செ.மீ. ஆனால் பிள்ளை வளரும் என்பதால், 62 செ.மீ. வரை இழுத்தாலும் தாங்கும்படி வில்லைப் பழக்க வேண்டும். அதற்கு 135 செ.மீ. நீளம் வைத்துக்கொள்ளுங்கள். நீளத்தில் கஞ்சத்தனம் காட்டினால் மரம் அதிகமாக வளைய நேர்ந்து முறியும்.

மரம் எதுவாயினும், அதன் பெயரைவிட நார் ஓட்டமே முக்கியம். ஆஷ், ஹிக்கரி போன்ற மரங்கள் பேர்போனவை. அவற்றிலும் ரேகைகள் பாதி வழியில் பக்கவாட்டில் வெளியேறும் பலகையை எடுக்கக் கூடாது. எய்பவருக்கு எதிர்ப்புறமாக அமையும் வில்லின் முதுகு இழுபடும் பக்கம் என்பதால், அங்கே நார் அறுபட்ட இடத்தில்தான் முதல் சிம்பு கிளம்பும். எனவே முதுகைத் தொடாமல், எய்பவரைப் பார்த்த உட்புறத்தில் மட்டும் சீவுங்கள்.

சீவும்போது ஒரு கணக்கை மறக்க வேண்டாம். தடிமனில் பத்தில் ஒரு பங்கு போனால் விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். அகலத்தில் அதே பங்கைக் குறைத்தால் பத்தில் ஒரு பங்குதான் போகும். ஆகவே வில் ஓரளவு வளையத் தொடங்கியதும் இழைப்புளியை வைத்துவிட்டு அரத்துக்கும், கடைசி இரண்டு பவுண்டுக்கு உப்புத்தாளுக்கும் மாறிவிடுங்கள். நாணேற்றிய வில்லைச் சுவரில் பொருத்திய ஒரு கட்டையில் கிடத்தி, நாணில் தொங்கு தராசை மாட்டி மெல்ல இழுத்துவிட்டுச் சற்று விலகி நின்று பாருங்கள். வளையாமல் நேராக நிற்கும் பகுதியில் பென்சிலால் கோடிட்டு, அந்த இடத்தை மட்டும் சீவுங்கள். அதிகமாக வளையும் இடத்தில் கையே வைக்காதீர்கள். ஒவ்வொரு முறை சீவிய பிறகும் பாதித் தூரம் வரை இருபது, முப்பது தடவை இழுத்துவிட்டால்தான் அந்த மாற்றம் முழுமையாகத் தெரியும். தராசு 12 பவுண்டைக் காட்டிய இடத்துக்கு மேல் ஒருபோதும் இழுக்கக் கூடாது. சீவச் சீவ அந்த இடம் தானாகவே 62 செ.மீ. வரை நகர்ந்து வரும்.

நாணுக்கு நீளாத பாலியெஸ்டர் நூலே ஏற்றது. மீன்பிடி நைலான் இழுபட்டுத் தொய்ந்துவிடும். அம்பு, பிள்ளையின் இழுப்பு நீளத்தைவிட 5 செ.மீ.யாவது கூடுதலாக இருக்கட்டும். குட்டையான அம்பு வில்லுக்கு உள்ளே நழுவி, பிடித்திருக்கும் கையைக் குத்தும். அம்பில்லாமல் வெறும் நாணை இழுத்து விடக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். அம்பு கொண்டுபோக வேண்டிய விசை முழுவதும் மரத்துக்கே திரும்புவதால், நன்றாகச் செய்த வில்லும் அப்படி முறிந்துவிடக்கூடும்.